விசில் வராத குக்கர், வேகாத பருப்பு: ராத்திரி சமையல் பாதியில் நின்றால் என்ன பார்ப்பது

சாயங்காலம் ஏழேகாலுக்கு வேலையிலிருந்து வந்து, எட்டரைக்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டிய வீடு எங்களுடையது. பருப்பு சாதம், தக்காளி சாதம், காய்கறிக் கிச்சடி, சப்பாத்தி குருமா, கடலைக் குழம்பு என்று எதை எடுத்தாலும் குக்கர், அடுப்பு, மிக்சி இந்த மூன்றையும் நம்பித்தான் இருக்கிறது. இதில் ஒன்று மக்கர் பண்ணினால் அன்றைக்குப் பிள்ளைகள் பசியோடு தூங்கிவிடும்.

பதினான்கு வருஷமாக என் வீட்டிலும், அம்மா வீட்டிலும், எங்கள் அபார்ட்மெண்டில் கூப்பிடுகிற வீடுகளிலும் இதே கோளாறுகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருக்கிறேன். பத்தில் ஏழெட்டுத் தடவை காசே செலவாகாமல் சரியாகிவிடும். ஆனால் பெரும்பாலும் நாம் முதலில் செய்வது கடைக்குப் போய் ஒரு புது வாஷர் வாங்குவதுதான். அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் காசில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கிற காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். ரிப்பேர்காரரை எப்போது கூப்பிட வேண்டும் என்பதும் அந்தந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: குக்கரில் எதைச் சோதிப்பதானாலும் அடுப்பை அணைத்து, ஆவி முழுக்க அடங்கி, விசிலைத் தூக்கினால் சத்தமே வராத நிலைக்கு வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பசி அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

## பத்து நிமிடம் ஆகியும் விசில் வரவில்லை

அடுப்புக்குப் பக்கத்தில் போய் ஆவி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதை வைத்துத்தான் அடுத்தது.

### ஆவி எங்கிருந்துமே வரவில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. 5 லிட்டர் குக்கரில் நிறையத் தண்ணீரும் இரண்டு அடுக்குப் பாத்திரமும் வைத்துச் சின்ன பர்னரில் ஏற்றினால் பத்து நிமிடத்தில் விசில் வராது. பெரிய பர்னருக்கு மாற்றிப் பாருங்கள். அவசர நாளில் கெட்டிலில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றினால் நான்கைந்து நிமிடம் மிச்சம்.

பெரிய பர்னரிலும் அசைவில்லை என்றால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். அடியில் தண்ணீர் ஊற்ற மறந்திருக்கலாம். அடுக்குப் பாத்திரத்துக்குள் தண்ணீர் அளந்து ஊற்றிவிட்டு, குக்கர் அடியில் ஊற்ற மறப்பது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். ஆறிய பிறகு திறந்து, குறைந்தது 2 டம்ளர் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து சூடேறிய குக்கரில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றாதீர்கள். ஆவி முகத்தில் அடிக்கும், அடியும் வளையும்.

### மூடி ஓரத்தில் ஆவி போகிறது, தண்ணீர் வழிகிறது

மூடியைத் திறந்து வாஷரைக் கழற்றுங்கள். மூடியில் வாஷர் உட்காரும் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு சோற்றுப் பருக்கை, காய்ந்த பருப்பு, கறிவேப்பிலைத் துண்டு ஏதாவது ஒன்று அகப்படும். ஒரு பருக்கை போதும், விசில் வராமல் போக. பள்ளத்தையும் வாஷரையும் கழுவித் திரும்ப மாட்டுங்கள். வாஷர் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டோ பாதி வெளியே நின்றோ இருந்தாலும் இதே கசிவு வரும்.

அடுத்தது கைப்பிடி. வெளிமூடி குக்கரில் மூடிக் கைப்பிடியும் குக்கர் கைப்பிடியும் ஒன்றன்மேல் ஒன்று நேராக வர வேண்டும். கைப்பிடி ஸ்குரூ தளர்ந்திருந்தால் நேராக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் மூடி அரை விரற்கடை விலகியிருக்கும். ஸ்குரூடிரைவரால் இறுக்குங்கள்.

அதற்குப் பிறகும் கசிந்தால் வாஷரை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். புது வாஷர் அமுங்கி உடனே எழும்பும். பழையது கெட்டிப்பட்டிருக்கும். மடக்கினால் உள்பக்கம் மயிரிழை போல வெடிப்பு தெரியும். ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து மாட்டினால் அன்றைய ராத்திரியை ஓட்டிவிடலாம், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். தினமும் சமைக்கிற வீட்டில் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம்தான் அதன் ஆயுசு. கடைக்குப் போகும்போது லிட்டர் அளவை மட்டும் சொன்னால் போதாது. ஒரே 5 லிட்டரில் அகல மாடல் வேறு, உயர மாடல் வேறு. பழைய வாஷரையே கையோடு எடுத்துப் போங்கள். அதே கம்பெனி வாஷராக வாங்குங்கள்.

புது வாஷர் போட்டும் கசிகிறதா? குக்கரின் வாய் நெளிந்திருக்கும். மூடியை எடுத்துவிட்டு, குக்கரைச் சமையல் மேடையில் கவிழ்த்து வையுங்கள். கைப்பிடி மேடை ஓரத்துக்கு வெளியே தொங்கட்டும். ஒரு காகிதத் துண்டை விளிம்புக்கு அடியில் சுற்றிலும் செருகிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தடையில்லாமல் உள்ளே போனால் அங்கேதான் நெளிசல். கரண்டியில் ஒட்டியதை உதறக் குக்கர் விளிம்பில் டங் டங்கென்று தட்டுகிறோமே, அந்தப் பழக்கம் பண்ணுகிற வேலை இது. சுத்தியலால் நீங்களே தட்டி நிமிர்த்தாதீர்கள். சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். அவர்கள் முடியாது என்றால் குக்கரை மாற்ற வேண்டியதுதான்.

### விசில் அடியில் புஸ்ஸென்று ஆவி, ஆனால் விசில் எழும்பவில்லை

விசில் உட்காரும் குழாயில்தான் பிரச்சினை. மூடியைத் தூக்கி, குழாயின் துவாரம் வழியாக ட்யூப்லைட்டைப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குத்தித் தள்ளுங்கள், பிறகு குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். குழாயின் உள்பக்க முனையில் பருப்பு நுரை காய்ந்து தோல் மாதிரி படிந்திருக்கும், அதையும் சுரண்டுங்கள். விசிலைத் தலைகீழாகப் பிடித்து அதன் குழிக்குள்ளும் பாருங்கள்.

இதை ஒவ்வொரு நாளும் குக்கரை மூடுவதற்கு முன்னால் செய்கிறேன். ஐந்து வினாடி வேலை. இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அடுத்து ஆவி போகிற வழி சேஃப்டி வால்வு மட்டும்தான்.

இன்னொரு காரணம், விசில் மாறிப்போவது. இரண்டு குக்கர் இருக்கிற வீட்டில் கழுவிக் கவிழ்க்கும்போது ஒன்றின் விசில் மற்றதற்குப் போய்விடும். எடை வேறு, குழி அளவு வேறு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேலை செய்யாது. ஒன்றில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள்.

## விசிலோடு பருப்புத் தண்ணீர் பீய்ச்சி அடுப்பெல்லாம் நனைகிறது

அளவைப் பாருங்கள். பருப்பு, அரிசி, பயறு மாதிரி உப்புகிற பொருளாக இருந்தால் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. காய்கறிக் குழம்பு என்றால் முக்கால்கூட வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு. அளவு சரி என்றால் கழுவியது போதவில்லை. துவரம்பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை நான்கு தடவை கழுவி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு வேகவைத்தால் நுரை அடங்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். ஆவி வந்த பிறகு பெருந்தீ வைப்பதால் சீக்கிரம் வேகாது, பொங்கத்தான் செய்யும்.

நான் கண்டதில் நிச்சயமான வழி, பருப்பைத் தனிக் கிண்ணத்தில் போட்டு ஒரு தட்டால் மூடி அடுக்காக வைப்பது. அடியில் வெறும் தண்ணீர் இருப்பதால் பீய்ச்சினாலும் தண்ணீர்தான். அலுமினியக் குக்கரானால் அந்தத் தண்ணீரில் ஒரு கோலி அளவு புளி போடுங்கள், அடி கறுக்காது.

தெறிக்கிறதே என்று விசில்மேல் துணியோ டம்ளரோ கவிழ்க்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஆவி போகிற வழியை எதனாலும் மூடக்கூடாது.

## ஆறு விசில் வந்தது, பருப்பு வேகவில்லை

எனக்கு அதிகம் வருகிற புகார் இதுதான். எட்டு மணிக்குக் குக்கரைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் பல்லில் கடிபடுகிற பருப்பு. குக்கர்மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். பெருந்தீயில் ஆறு விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், அந்த நேரத்துக்குள் பருப்பின் நடுப்பகுதி வேகாது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துத் துவரம்பருப்புக்கு 10 நிமிடம், ஊறின கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். அணைத்தபின் ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். அந்த நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றிவிட்டால் அந்த வேக்காடு கிடைக்காது.

புளிப்பு முன்கூட்டியே சேர்ந்ததா? ஒரே குக்கரில் எல்லாம் முடிய வேண்டும் என்று பருப்போடு நான்கு தக்காளியும் புளித்தண்ணியும் போட்டுவிடுகிறோம். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகி, குழைய நேரமாகும். பருப்பு வெந்த பிறகு தக்காளியைச் சேருங்கள். ஒரே நேரத்தில்தான் வேண்டும் என்றால் தக்காளியைத் தனிக் கிண்ணத்தில் மேலடுக்கில் வையுங்கள்.

ஊறியதா? துவரம்பருப்புக்குச் சுடுதண்ணீரில் 20 நிமிடம் போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் பருப்பைக் களைந்து சுடுதண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால், வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் ஊறியிருக்கும். கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊறப்போட வேண்டும். மறந்த நாளில் கொதிக்கிற தண்ணீரோடு ஹாட்பேக்கில் போட்டு இரண்டு மணி நேரம் மூடி வைத்தால் ஓரளவு தேறும். ஆனால் ஏழேகாலுக்கு ஞாபகம் வந்தால் அன்றைக்குக் கடலைக் குழம்பை விட்டுவிட்டுப் பாசிப்பருப்புக்கு மாறுவதுதான் நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் வேகவில்லை என்றால் சந்தேகம் இரண்டே பேர் மேல்தான்: தண்ணீர், இல்லையென்றால் பருப்பு. எங்கள் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் பருப்பு வெண்ணெயாகக் குழையும். அதே பருப்பு, அதே குக்கர், போர் தண்ணியில் போட்டால் அப்படியே நிற்கும். உப்புத்தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பழைய பருப்பும் அப்படியே. மளிகைக்கடையில் மூட்டையாகக் கிடந்து, பிறகு நம் வீட்டு டப்பாவிலும் ஒரு வருஷம் கிடந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது.

இரண்டில் யார் என்று கண்டுபிடிக்க நான் செய்கிற சோதனை: ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் பருப்பு, அரை டம்ளர் தண்ணீர். முதலாவதில் வீட்டுப் பருப்பு, போர் தண்ணீர். இரண்டாவதில் வீட்டுப் பருப்பு, குடிதண்ணீர். மூன்றாவதில் புதிதாக வாங்கிய பருப்பு, குடிதண்ணீர். மூன்றையும் ஒரே குக்கருக்குள் நிறுத்தி, அடியில் தண்ணீர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 10 நிமிடம். ஒரே தீ, ஒரே ஆவி, அதனால் ஏமாற்றாது. திறந்து ஒவ்வொன்றிலும் கட்டை விரலால் ஒரு பருப்பை நசுக்கிப் பாருங்கள். முதலாவது மட்டும் வேகவில்லை என்றால் தண்ணீர். முதல் இரண்டும் வேகவில்லை என்றால் பருப்பு. மூன்றுமே வேகவில்லை என்றால் அப்போது குக்கரைச் சந்தேகப்படலாம்: ஆவி எங்கோ கசிந்து உள்ளே சூடு ஏறாமல் இருக்கிறது, மேலே சொன்ன வாஷர், விசில் சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

இந்தச் சோதனையை முதன்முதலில் அம்மா வீட்டில் செய்தேன். அதற்குள் அவர் இரண்டு வாஷரும் ஒரு புது விசிலும் வாங்கியிருந்தார். குற்றவாளி போர் தண்ணீர். அன்றிலிருந்து பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுகிறார், குக்கரைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்றைக்கு ராத்திரிக்கு என்ன செய்வது? வேகாத பருப்பில் சுடுதண்ணீர் ஊற்றி, கடுகளவு ஆப்ப சோடா சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் வைத்தால் குழைந்துவிடும். கடுகளவு என்பது நிஜமாகவே கடுகளவு, கூடினால் சவக்காரம் மாதிரி ருசிக்கும். அலுமினியக் குக்கரில் நேரடியாகச் சோடா போடாதீர்கள், எவர்சில்வர் கிண்ணத்தில் வையுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் வெந்த அளவுக்கு மிக்சியில் ஒரு சுற்று விட்டுக் கொதிக்கவிட்டால் பருப்புக் குழம்பாக ஒப்பேற்றிவிடலாம், ஆற வைத்துத்தான் மிக்சியில் போட வேண்டும்.

ராஜ்மாவுக்கு மட்டும் இந்தச் சமாளிப்பு எதுவும் கூடாது. சிவப்பு ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் அதிலுள்ள நச்சு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும், நாலைந்து கொட்டையே போதும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் விரலால் நசுங்கும்வரை வேகவைத்தால்தான் சாப்பிடலாம். வேகவில்லையா, அன்றைக்கு அதைத் தட்டில் போடாதீர்கள்.

## அடிப்பிடித்த வாசனை வருகிறது

வாசனை வந்த உடனே அணையுங்கள். திறந்ததும் கிளறாதீர்கள். மேலாக இருக்கிற சாதத்தையோ குருமாவையோ வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் முக்கால்வாசி தப்பிக்கும். அடியைச் சுரண்டினால் தீய்ந்த வாசனை முழுவதிலும் ஏறிவிடும்.

காரணம் பெரும்பாலும் வதக்கும்போது அடியில் ஒட்டிய மசாலா. தக்காளி சாதத்துக்கோ கிச்சடிக்கோ வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றியதும், மரக்கரண்டியால் அடியை ஒரு முறை வழித்துவிட்டு, தண்ணீர் கொதி வந்த பிறகு அரிசியைப் போட்டு மூடுங்கள். பொன்னி அரிசி ஒரு பங்குக்கு இரண்டரை பங்கு தண்ணீர் எங்கள் வீட்டு அளவு. வாஷர் கசிந்தால் அளவாக ஊற்றிய தண்ணீரும் ஆவியாகப் போய்விடும், அடி பிடிக்கும். அதனால் அடிக்கடி பிடித்தால் வாஷரையும் பாருங்கள்.

குக்கரை மேடையில் வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் அடி உப்பிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில்லாமல் காய்ந்ததன் அடையாளம் அது. அப்படி உப்பிய குக்கரில் பிரஷர் ஏற்ற வேண்டாம், சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு.

## சேஃப்டி வால்வு போய்விட்டது

திடீரென்று பெரிய சத்தத்துடன் மூடியின் ஓரிடத்திலிருந்து ஆவி பீறிட்டால், கிட்டே போகாமல் கையை நீட்டி அடுப்பை அணையுங்கள். கை எட்டாது என்றால் சிலிண்டர் ரெகுலேட்டரை அணையுங்கள். குக்கரை நகர்த்தாதீர்கள்.

வால்வு அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஏன் செய்ய வேண்டி வந்தது என்று பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: தண்ணீர் வற்றியது, அல்லது விசில் குழாய் அடைத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது வால்வு மாட்டினால் அதுவும் போகும்.

வால்வு விலை அதிகமில்லை. ஆனால் அந்தக் குக்கர் கம்பெனியின் வால்வாகவே இருக்க வேண்டும். ஒரு தடவை பக்கத்து வீட்டுக் குக்கரில், சாலையோரக் கடையில் வாங்கிய வால்வை மாட்டியிருந்தார்கள். பார்வைக்கு அதேதான். கழற்றிப் பார்த்தால் நடுவில், அளவுக்கு மீறிச் சூடானால் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டிய உலோகத்துக்குப் பதிலாக முழுக்க ஒரே கெட்டி. ஆபத்து வந்தால் திறக்கவே திறக்காத வால்வு அது. அதைப் பார்த்த அன்று எனக்குக் கை நடுங்கியது. ஆணி, ஸ்குரூ, எம்-சீல் எதை வைத்தும் அந்தத் துவாரத்தை அடைக்காதீர்கள். புதுக் குக்கர் வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி முதல் அது கட்டாயம்.

## மூடி திறக்கவில்லை

போன வருஷம் ஒரு ராத்திரி மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்.

“அக்கா, கொஞ்சம் மேல வாங்கக்கா. குக்கர் மூடி தொறக்கவே மாட்டீங்குது.”

“அடுப்ப அணைச்சுட்டியா கண்ணு?”

“அணைச்சு அரை மணி நேரமாச்சுங்கக்கா. அவரும் இழுத்துப் பாத்துட்டாருங்க.”

“கத்தி கித்தி வெச்சு நெம்பிராதீங்க. இதோ வர்றேன்.”

போய்த் தொட்டால் குக்கர் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியிருந்தது. அதனால் உள்ளே பிரஷர் இருக்க வாய்ப்பில்லை. விசில் பருப்புப் பசையில் ஒட்டிப்போய் அசையவில்லை. அதைத் துணியால் பிடித்து இடம் வலமாகத் திருகித் தூக்கியதும், காற்று ஸ்ஸென்று உள்ளே போனது. மூடி தானாகத் திறந்தது. உள்ளே ஆறி வெற்றிடமாகி மூடியை இழுத்துப் பிடித்திருந்ததுதான் காரணம்.

ஆகவே முதலில் குக்கரின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னும் பிரஷர் இருக்கிறது: காத்திருங்கள், அல்லது குழாயடியில் வைத்து மூடி ஓரமாகத் தண்ணீர் ஓடவிடுங்கள், விசில்மேல் ஊற்ற வேண்டாம். ஆறியிருந்தால் விசிலைத் தூக்குங்கள். விசிலை எடுத்து, குழாயில் காற்று போவது தெரிந்தும் திறக்கவில்லை என்றால் வாஷர் ஒட்டியிருக்கிறது. மூடிமேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் கழித்துத் திருப்புங்கள். அடுத்த தடவை மூடும்போது வாஷரில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம். எந்தக் கட்டத்திலும் ஸ்குரூடிரைவர், சுத்தியல் வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்தும் விசிலே கழலவில்லை, குக்கர் இன்னும் சூடாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.

## அடுப்பு சரியாக எரியவில்லை

### ஒரு பர்னரில் மட்டும் மஞ்சள் தீ, பாத்திரத்தில் கரி

குக்கர் பொங்கிய உப்புத்தண்ணி பர்னரில் பட்டிருந்தால் தீ கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறமாக எரியும், தானாகச் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் அடுப்பு ஆறியதும் பர்னர் மூடியை எடுத்துப் பாருங்கள். கழுவிவிட்டுக் கோணலாக உட்கார வைத்திருப்போம், அல்லது உள்ளே ஈரம் நிற்கும். துவாரங்கள் அடைத்திருந்தால் பித்தளைப் பர்னரைப் புளித்தண்ணியில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியால் துவாரத்தைக் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கு மேல் அடியில் இருக்கிற ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் சின்ன முனையை, தொடாதீர்கள். ஊசி போட்டு அந்தத் துவாரம் கொஞ்சம் பெரிதானால்கூட கேஸ் அளவு மாறிவிடும். அது மெக்கானிக் வேலை.

### இரண்டு பர்னரிலும் தீ சிறியது

சிலிண்டர் தீரப்போகிறது என்பதுதான் பெரும்பாலும். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள், கேஸ் இருக்கிற உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும். சிலிண்டர் புதிது என்றால் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, ரெகுலேட்டர் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டியூப்பின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள், 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு மேல் ஏஜென்சியைக் கூப்பிடுவதுதான்.

### கேஸ் வாசனை

இதில் சோதனை எதுவும் இல்லை. அடுப்பு நாப், ரெகுலேட்டர் இரண்டையும் அணையுங்கள். ஜன்னலோடு கதவையும் திறங்கள், ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரையும் வெளியே கூட்டிப்போய், அங்கிருந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

## மிக்சி நின்றுவிட்டது

சத்தமே இல்லை என்றால் சுவிட்சை 0-வில் வைத்து, பிளக்கைப் பிடுங்கி, மிக்சியைச் சாய்த்து அடியில் பாருங்கள். சிவப்பு பட்டன் ஒன்று வெளியே தள்ளியிருக்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் ஓடும். அடைக்கு அரிசியும் பருப்பும் ஊறாமல், தண்ணீர் போதாமல் அரைத்தால் இப்படி நிற்கும். ஜாரில் பாதியை எடுத்துவிட்டு இரண்டு தடவையாக அரையுங்கள்.

உம்மென்று முனகுகிறது, சுற்றவில்லை என்றால் ஜாரை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் கோளாறு ஜாரில், பிளேடு இறுகியிருக்கிறது. ஜாரில் சுடுதண்ணீர் ஊற்றி, அடியிலிருக்கும் பல்லைக் கையால் திருப்பித் திருப்பி இளக்குங்கள். ஜாரை மாட்டி ஓட்டும்போது மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றாவிட்டால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கிறது, சின்னச் செலவுதான். ஜார் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தால் பிளேடு தண்டைத் தாங்குகிற புஷ் போய்விட்டது, அந்த ஜாரில் சட்னி அரைக்காதீர்கள்.

கருகிய நாற்றமோ, உள்ளே நீலப் பொறியோ தெரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிப்பேருக்குக் கொடுங்கள். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ்ஷோடு போனால் குறைந்த செலவு, மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் எரிந்திருந்தால் புது மிக்சி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

## குக்கர் ரிப்பேரில் இருக்கிற ராத்திரிக்கு

பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, திறந்த பாத்திரத்தில் மஞ்சள் தூளோடு கொதிக்கவிட்டால் 20, 25 நிமிடத்தில் வெந்துவிடும். அது கொதிக்கிற நேரத்தில் கெட்டி அவலை இரண்டு தடவை கழுவிப் பிழிந்து வைத்துவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்துப் புரட்டினால் அவல் உப்புமா. பருப்பில் சீரகம், பூண்டு தாளித்துக் கொட்டித் தண்ணியாக விட்டுப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் ஊற்றிப் பிசைந்து சாப்பிடும். எங்கள் வீட்டில் சமையல் மேடை டிராயரில் ஒரு வாஷர், ஒரு சேஃப்டி வால்வு, நாலு ஈர்க்குச்சி, ஒரு ஸ்குரூடிரைவர் எப்போதும் இருக்கும். அதே டிராயருக்கு மேல்தட்டில் ஒரு டப்பா அவலும் இருக்கும்.